வட சென்னையிலேயே ஐந்து நாள்: ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களுக்கான முழுமையான உள்ளூர் விடுமுறைத் திட்டம்

ஹோம்ஸ்கூலிங் குடும்பங்களுக்கு விடுமுறை என்றாலும் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும் என்ற ஆசை இருக்கும். அதற்காக ஏலகிரி, பாண்டிச்சேரி என்று போகிறோம். வெளியூர் போக முடியாவிட்டால் மெட்ரோ ஏறி எழும்பூர் மியூசியம், கோட்டூர்புரம், கிண்டி என்று தெற்கே போகிறோம். தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் இருக்கிற நாம், நம் பக்கம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டே பழகிவிட்டோம். பிள்ளைகளுக்கும் அந்த நினைப்பு ஒட்டிக்கொள்கிறது.

உண்மையில் சென்னை நகரம் நடப்பதற்கு வேண்டியதில் பெரிய பங்கு நம் பக்கமாகத்தான் போகிறது. காசிமேட்டில் மீன் இறங்குகிறது. அத்திப்பட்டில் மின்சாரம் தயாராகிறது. மணலியில் கச்சா எண்ணெய் பெட்ரோலாகவும் டீசலாகவும் மாறுகிறது. புழலில் குடிதண்ணீர் நிற்கிறது. நகரத்தின் குப்பையில் ஒரு பெரும்பகுதி கொடுங்கையூருக்கு வந்து சேர்கிறது. இதையெல்லாம் தன் கண்ணால் பார்த்து, கணக்குப் போட்டு, ஆட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளை, தான் எந்த ஊர் என்று சொல்லத் தயங்காது. ராத்திரி அவரவர் வீட்டிலேயே படுத்துக்கொண்டு இதை ஐந்து நாளில் செய்வதற்கான திட்டம்தான் இது.

முதலில் கேள்வி, அப்புறம் இடம்

பலரும் பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். பத்து இடம் பார்த்த பிள்ளைக்குப் பத்தும் குழம்பிப்போகும். ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு ஐந்து நாளும் அதன் பின்னாலேயே போங்கள். நான் பரிந்துரைக்கிற கேள்வி இது: நம் வீட்டுக்குள் வருவதெல்லாம் எங்கிருந்து வருகிறது, வெளியே போவதெல்லாம் எங்கே போகிறது?

ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது புரியும். பதினான்கு வயதுப் பிள்ளையும் இதில் பொருளாதாரம், வேதியியல், வரலாறு, அரசியல் என்று எவ்வளவு ஆழம் வேண்டுமானாலும் போகலாம். வயது வித்தியாசமுள்ள பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கிற வீட்டுக்கு இப்படி ஒரு கேள்வி பெரிய வசதி.

காலம் பார்ப்பது

பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசி வரை உள்ள நாட்கள் மிகவும் நல்லவை. வெயில் தாங்கும், மழை ஓய்ந்திருக்கும், எண்ணூர்ப் பக்கம் வலசைப் பறவைகளும் இருக்கும். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வேண்டாம். நம் பக்கம் எந்தத் தெருவில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

கோடையில்தான் முடியும் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக வைத்த தடை அது. அப்போது போனால் பெரிய ஏலம் இருக்காது. ஆனால் படகுகள் கரையேறி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலை பின்னுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். மற்ற நாட்களில் அதைப் பார்ப்பது கடினம். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு நான் தடைக்காலத்தையே சொல்வேன்.

முன்வாரத் தயாரிப்பு

ஒரு சார்ட் அட்டையில் வட சென்னையின் வரைபடத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. கிழக்கே கடல், தெற்கே கூவம், வடக்கே கொசஸ்தலை ஆறு, நடுவே பக்கிங்ஹாம் கால்வாய், ரயில் பாதை, நம் வீடு. இது ஐந்து நாளும் சுவரில் இருக்கட்டும்.

ஆளுக்கொரு நோட்டு, ஒரு லென்ஸ், இஞ்ச் டேப், கடைசி இரண்டு ஈபி பில், காஸ் பில். செலவு அவ்வளவுதான். செல்போனைப் பெரியவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளலாம். துறைமுகம், அனல்மின் நிலையம் பக்கமெல்லாம் படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள், பிள்ளைகள் வரையட்டும்.

அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, ரயில் பெட்டி செய்கிற ஐசிஎஃப் தொழிற்கூடம் இவற்றின் உள்ளே அனுமதி இல்லாமல் போக முடியாது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கீழே சொல்வதெல்லாம் யாரும் போகக்கூடிய இடங்களிலிருந்து பார்ப்பவை.

வெளியே போவது காலை மட்டும். மதியம் சாப்பிட்டுத் தூக்கம், மாலையில் நோட்டு. அம்மாவுக்கும் இது விடுமுறை என்பதால் மூன்று வேளையும் சமையல் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு நாள் இரவு பாரிமுனை பக்கம் போய் அத்தோ சாப்பிடலாம். பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. எங்கிருந்து வந்தது என்ற நம் கேள்விக்கு அதுவும் ஒரு பதில்.

முதல் நாள்: காசிமேடு

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முதுகுகள்தான் தெரியும். வாரநாளில், விடிவதற்கு முன் கிளம்பிவிடுங்கள். தரையெல்லாம் ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்புப் போடுங்கள். தெருவில் மீன் வாங்கப் போகிற அக்கா யாராவது இருந்தால் அவரோடு சேர்ந்து போவது இன்னும் நல்லது. அறிமுகமான முகம் ஒன்று கூட இருந்தால் எல்லாரும் நின்று பேசுவார்கள்.

முதலில் எதுவும் வாங்காமல் ஓரமாக நின்று ஏலத்தைக் கேளுங்கள். எவ்வளவு தொகையில் ஆரம்பிக்கிறது, எத்தனை பேர் கேட்கிறார்கள், யார் எடுத்தார்கள். மூத்த பிள்ளை ஒரே வகை மீனின் மூன்று ஏலத்தைக் குறித்துக்கொண்டால் போதும், விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று தானே கண்டுபிடித்துவிடும். திரும்பும்போது உங்கள் தெருக்கடையில் அதே மீனின் விலையைக் கேட்கச் சொல்லுங்கள். இடையில் உள்ள வித்தியாசத்தில் ஐஸ், வண்டிக் கூலி, வெட்டுக் கூலி, கெட்டுப்போனால் நஷ்டம் எல்லாம் இருக்கிறது.

படகுக்காரர்கள் வேலை முடித்து டீ குடிக்கும்போது பேச்சுக் கொடுக்கலாம். எத்தனை நாள் கடலில் இருந்தீர்கள் அண்ணா, எவ்வளவு ஐஸ் ஏற்றினீர்கள், டீசல் எவ்வளவு ஆனது, வந்த பணத்தை எப்படிப் பங்கு பிரிப்பீர்கள். டீசலும் ஐஸும் போக மிச்சத்தைப் படகு உரிமையாளரும் தொழிலாளிகளும் பங்கு வைக்கிற முறையைக் கேட்டு எழுதினால் விகிதக் கணக்கு முழுவதும் அதிலேயே வந்துவிடும். கேள்வியைப் பிள்ளைதான் கேட்க வேண்டும், நீங்கள் பின்னால் நில்லுங்கள். "இன்னா கண்ணு, மீன் வாங்க வந்தியா, கணக்கு எழுத வந்தியா?" என்று யாராவது கேட்பார்கள். கூச்சம் அங்கேயே உடைந்துவிடும்.

அப்புறம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னத் தொகை கொடுத்து மீன் வாங்கச் சொல்லுங்கள். செவுள் சிவப்பாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறதா என்று பார்த்து வாங்கட்டும். வாங்குவதில் ஒரு கத்தாழை மீன் கட்டாயம் இருக்கட்டும். வீட்டில் குழம்பு வைத்த பிறகு அதன் தலையைப் பிரித்தால், மூளைக்குக் கீழே இரண்டு வெள்ளைக் கற்கள் கிடைக்கும். மீன் சமநிலையில் நீந்தவும் ஒலியை உணரவும் உதவுகிற காதுக் கற்கள் அவை. கத்தாழைக்கு அது நன்றாகப் பெரிதாக இருக்கும். ஒரு கல்லை உப்புத்தாளில் பாதிவரை தேய்த்து லென்ஸில் பாருங்கள், வளையங்கள் தெரியும். மீன் வளர வளரக் கல்லும் அடுக்கடுக்காக வளர்ந்ததன் அடையாளம் அது. மீனின் வயதைக் கணக்கிட விஞ்ஞானிகள் பார்ப்பதும் இதைத்தான்.

சைவக் குடும்பங்களும் போகலாம். வலை, படகு, ஐஸ், ஏலம் என்று பார்க்க நிறைய இருக்கிறது. வாடை பிடிக்காத பிள்ளையை மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இரண்டாம் நாள்: கரன்ட்

இது வீட்டு மீட்டர் பெட்டியின் முன்னால் தொடங்கட்டும். காலையில் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஈபி பில்லை எடுத்து இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் என்று பாருங்கள். 300 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி எரிய வேண்டும். அப்படியானால் நம் வீட்டுக்கு மட்டும் இரண்டு மாதத்தில் 225 கிலோ. நம் நாட்டு நிலக்கரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சாம்பல். அதாவது 75 கிலோ சாம்பல், ஒன்றரை சிமென்ட் மூட்டை எடை. மின்சாரம் பல ஊர்களிலிருந்து, காற்றாலை, சூரிய ஒளி, அணுமின் நிலையம் எல்லாவற்றிலிருந்தும் ஒரே கம்பியில் கலந்துதான் வருகிறது என்பதையும் சொல்லிவிடுங்கள். எல்லாமே நிலக்கரியாக இருந்தால் என்ற கணக்குத்தான் இது.

இந்தக் கணக்கோடு கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறுங்கள். வடக்கே போகும்போது வலது பக்க ஜன்னல் முக்கியம். எண்ணூர் தாண்டியதும் பாலம் வரும், கீழே கொசஸ்தலை. அடுத்து அத்திப்பட்டு புதுநகர். வட சென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் அங்கே தெரியும். முதல் நிலையில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று, இரண்டாம் நிலையில் 600 மெகாவாட் அலகுகள் இரண்டு, 2024-இல் தொடங்கிய மூன்றாம் நிலையில் 800 மெகாவாட் அலகு ஒன்று. மொத்தத்தைப் பிள்ளைகள் கூட்டட்டும். நிலக்கரி கப்பலில் காமராஜர் துறைமுகத்துக்கு வந்து இறங்குகிறது. அனல்மின் நிலையம் ஏன் கடலோரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். கப்பல் என்ற பதில் சீக்கிரம் வந்துவிடும். குளிர்விக்கக் கடல்நீர் என்பதற்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

திரும்பும் வழியில் எண்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்து முகத்துவாரக்குப்பம் பக்கம் போங்கள். ஆறு கடலில் கலக்கிற இடம். ஒரு குச்சியைக் கரையோரம் நட்டு, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் கோடு போடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும், அல்லது இறங்கியிருக்கும். கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏன் என்று நிலாவைப் பார்த்துப் பேசலாம். தண்ணீரில் யாரும் இறங்க வேண்டாம்.

அந்த ஒரு மணி நேரத்தில் கரையில் இருக்கிறவர்களிடம் பேசுங்கள். இந்தக் கழிமுகம் இறாலுக்கும் நண்டுக்கும் பேர்போனது. இருளர் பழங்குடியினர் தண்ணீரில் இறங்கிக் கையாலேயே தடவி இறால் பிடிக்கிற தொழில் இங்கே இன்னும் இருக்கிறது. அனல்மின் நிலையத்துச் சுடுநீரும் நிலக்கரிச் சாம்பலும் ஆற்றில் சேர்ந்து ஆழம் குறைந்துபோன கதையும் இங்கேதான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து வலையும் படகும் கறுத்துப்போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். முன்னாடி இங்கே எவ்வளவு ஆழம் இருந்தது, என்ன மீன் கிடைத்தது என்று கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுதச் சொல்லுங்கள்.

இதைப் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாம் ஸ்விட்ச் போடும்போது விளக்கு எரிகிறது; அதற்கான சாம்பல் இன்னொருவர் பிழைப்பில் போய் விழுகிறது. காலையில் போட்ட 75 கிலோ கணக்கு அந்தக் கரையில் நிற்கும்போதுதான் உறைக்கும். சின்னப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம், ஆனால் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள். சாம்பலில் செங்கலும் சிமென்ட்டும் செய்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் தெருவில் எங்காவது வீடு கட்டினால் சாம்பல் நிறக் கல்லைக் காட்டலாம்.

இரவு மீட்டரை மறுபடி பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: தண்ணீர்

நேற்று நிறைய அலைந்தாயிற்று, இன்று பெரும்பாலும் வீட்டில். காலை எழுந்ததிலிருந்து ஆளுக்கு எத்தனை பக்கெட் என்று எண்ணுங்கள். செய்தித்தாளில் ஏரிகளின் நீர்மட்டம் வரும். அதில் புழலைத் தேடச் சொல்லுங்கள். முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 9,340 கோடி லிட்டர் வரும். காட்டுப்பள்ளியில் 2010-இல் தொடங்கிய, கடல்நீரைக் குடிநீராக்குகிற ஆலையின் திறன் நாளுக்கு 10 கோடி லிட்டர். ஒரு முழு ஏரியின் தண்ணீரை அந்த ஆலை தயாரிக்க எத்தனை வருடம் ஆகும்? இரண்டரை வருடத்துக்கு மேல். மழையின் மதிப்பு இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

மாலையில் புழல் ஏரிக்கரை வரை போய் வரலாம். முடியாதவர்கள் மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயைத் தேடிப்பிடித்து, அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்கட்டும். 2003-இலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் இது கட்டாயம். அடைத்துக்கிடந்தால் சுத்தம் செய்வதும் பாடம்தான்.

வெளியே போகும் தண்ணீரை மறக்க வேண்டாம். கொடுங்கையூரில் கழிவுநீரைப் பலபடிகளில் சுத்தம் செய்து மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். அதே கொடுங்கையூரில்தான் குப்பை மேடும் இருக்கிறது. வீட்டுக் குப்பையை அன்று ஒரு நாள் எடை போட்டுப் பாருங்கள்.

நான்காம் நாள்: ரயில்

ராயபுரம் நிலையக் கட்டடத்தின் எதிரே நின்று தூண்களை எண்ணி வரையச் சொல்லுங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போனது. இந்தியத் துணைக்கண்டத்தில் இன்னும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் இதுவே பழையது. சென்ட்ரல் வந்தது 1873-இல்தான். முதல் நிலையத்தை ஏன் ராயபுரத்தில் கட்டினார்கள்? சுவரில் உள்ள வரைபடத்தில் கோட்டை, ஜார்ஜ் டவுன், கடல் மூன்றையும் பார்த்தால் பதில் கிடைக்கும்.

அங்கிருந்து நேராக ஐசிஎஃப் பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகம். திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளில் காலை 10 மணிக்கு மேல் போங்கள். பழைய நீராவி எஞ்சின்கள், பெட்டிகள், பொம்மை ரயில் எல்லாம் உண்டு. ஐசிஎஃப் 1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கிவைத்த தொழிற்சாலை. 2018-இல் வந்தே பாரத் முதலில் உருவானதும் இங்கேதான். பெரம்பூரில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அருங்காட்சியகத்துக்கு அவரையும் அழைத்துப் போக முடிந்தால் வேறு வழிகாட்டி தேவையில்லை.

நேரமிருந்தால் பெரம்பூர் வழியாகத் திரும்பும்போது பின்னி மில் கதையைச் சொல்லலாம். 1918-இல் அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் அது. பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் அதில் முன்னின்றார்கள்.

ஐந்தாம் நாள்: கடற்கரை எங்கே போனது?

காலையில் மெரினாவுக்குப் போய், சாலையிலிருந்து அலை வரை எத்தனை காலடி என்று பிள்ளைகள் நடந்து எண்ணட்டும். அப்புறம் திருவொற்றியூர்ப் பக்கம் வந்து கரையைப் பாருங்கள். மணலுக்குப் பதில் பாறாங்கல். ஒரே கடல், ஏன் இப்படி? வருடத்தின் பெரும்பகுதி நம் கரையில் அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்கே தங்கிவிட்டது. மெரினா அகலமானது, நம் பக்கம் கரை அரித்துப்போனது. ஒரு தாம்பாளத்தில் மணலும் தண்ணீரும் வைத்து, குறுக்கே அளவுகோலை நிறுத்தி, ஒரு பக்கமாகவே அலையடித்துப் பார்த்தால் வீட்டிலேயே இது தெரியும்.

மாலை திருவொற்றியூர் தியாகராஜர் கோயில். மெட்ரோ 2021-இலிருந்து விம்கோ நகர் வரை போகிறது, தேரடி நிலையத்தில் இறங்கலாம். ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் கருவறை, யானையின் பின்புறம் போல வளைந்த விமானம், சுவரில் கல்வெட்டு. இன்றைய எழுத்தோடு ஒத்துப்போகிற ஒன்றிரண்டு எழுத்துகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் பிள்ளைகள் அசையமாட்டார்கள். சுந்தரர் சங்கிலியாரை மணந்த ஊர், வள்ளலார் ஏழுகிணற்றிலிருந்து வந்து பாடிய ஊர். கடலோரத்தில் பட்டினத்தார் சமாதியும் இருக்கிறது.

நோட்டை என்ன செய்வது

ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் போதும். சின்னவர்கள் ஒரு படம், ஒரு வரி. இடைப்பட்ட வயதுப் பிள்ளைகள் ஒரு கணக்கு, ஒருவர் சொன்ன பேச்சு. பெரிய பிள்ளைகள் ஒரு பக்கக் கட்டுரை. தினமும் சுவர் வரைபடத்தில் அன்று கண்ட பாதையை ஒரு நிற நூலால் ஒட்டுங்கள்: மீனுக்கு ஒன்று, கரன்ட்டுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. என்ஐஓஎஸ் என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக்கு 14 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குத் தயாராகிற பிள்ளைகள் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களைப் படிக்கும்போது இந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள் வார்டு கவுன்சிலருக்கு ஒரு கடிதம் எழுதலாம். அடைத்துக்கிடக்கும் கால்வாய், எரியாத தெருவிளக்கு என்று ஐந்து நாளில் தன் கண்ணில் பட்ட ஒன்றைப் பற்றி, தேதியும் இடமும் போட்டு.

ஐந்து நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைக்காத குடும்பங்கள் ஐந்து சனிக்கிழமைகளாகப் பிரித்துக்கொள்ளலாம். காசிமேட்டையும் எண்ணூரையும் மட்டும் அடுத்தடுத்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரி, தாம்பரம் பக்கம் ஹோம்ஸ்கூலிங் செய்கிற நண்பர்கள் இருந்தால் அவர்கள் பிள்ளைகளை இந்த ஐந்து நாளும் உங்கள் வீட்டில் தங்கவையுங்கள். உங்கள் பிள்ளை அவர்களுக்கு வழிகாட்டட்டும். அடுத்த விடுமுறையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைப் பார்க்க நீங்கள் அங்கே போய்த் தங்கலாம்.